தோட்டத்திலிருந்து சிறுநகருக்கு: புக்கிட் பெலண்டோக் வட்டாரத்தின் குடிபெயர்வு வரலாறு

ஊர் விட்டு ஊர் செல்லாது வாழ்வதைத் தமிழர் ஒரு காலத்தில் பெருமையாகக் கருதினர். சிலப்பதிகாரத்தின் தொடக்கத்திலேயே இளங்கோவடிகள் புகார் நகரத்துப் பழங்குடிகளைத் தம் பதியை விட்டுப் பெயர்ந்தறியாதவர் என்று போற்றுகின்றார். அதே நகரைப் பாடிய பட்டினப்பாலையோ, பல நாடுகளிலிருந்து வந்து பல மொழி பேசும் மக்கள் அங்கே கலந்து இனிது உறைந்தனர் என்கின்றது. இவ்விரண்டும் ஒரே நகரைப் பற்றிய செய்திகள். பெயராதவரைப் புகழ்ந்து தொடங்கும் சிலம்பின் கதையே, புகாரை விட்டு மதுரைக்குப் பெயர்ந்த இருவரின் கதைதான் என்பதையும் தமிழாசிரியர்கள் அறிவார்கள்.

மலாயாவுக்கு வந்த தமிழர் தலைமுறைதோறும் பெயர்ந்தவர்கள். பாட்டனார் தமிழ்நாட்டுச் சிற்றூரிலிருந்து தோட்டத்திற்கு வந்தார். தந்தையார் தோட்டத்தில் பிறந்து தோட்டத்தில் உழைத்தார். மகன் தோட்டத்தை விட்டுச் சிறுநகருக்குச் சென்றான். கப்பலேறி வந்த முதற் பெயர்ச்சியைப் பற்றி நூல்கள் பல உள்ளன. லாரியில் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு பத்து இருபது கல் தொலைவு சென்ற இரண்டாம் பெயர்ச்சியைப் பற்றி எழுதினோர் சிலரே. தொலைவு குறைவாயினும், வாழ்க்கையை மாற்றியதில் இது முதலாவதற்குச் சிறிதும் இளைத்ததன்று. நெகிரி செம்பிலான் மாநிலத்தின் புக்கிட் பெலண்டோக் வட்டாரத்தை நடுவாகக் கொண்டு அதனை ஈண்டு ஆராய்வோம்.

படிப்படியாகப் பெயர்தல்

மக்கள் இடம் பெயர்வதில் ஏதேனும் ஒழுங்கு உண்டா என்று முதலில் முறையாக ஆராய்ந்தவர் ரேவன்ஸ்டைன் என்னும் அறிஞர். இங்கிலாந்தின் 1881 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை வைத்து 1885 இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பெயர்வோரில் பெரும்பாலோர் நெடுந்தொலைவு செல்வதில்லை. அருகிலுள்ள ஊருக்கே செல்கின்றனர். சிற்றூரார் சிறுநகருக்கும், சிறுநகரத்தார் பெருநகருக்குமாகப் படிப்படியாக நகர்கின்றனர். குறுந்தொலைவுப் பெயர்ச்சியில் ஆடவரைக் காட்டிலும் பெண்டிரே மிகுதி. இவை அவர் கண்ட முடிவுகளுட் சில.

மலாயாத் தமிழரின் முதற் பெயர்ச்சி இவ்விதிகளுக்கு நேர்மாறானது. சிற்றூரை விட்டவர் அருகிலுள்ள திருச்சிக்கோ சேலத்துக்கோ செல்லவில்லை. ஒரே தாவலாகக் கடலைக் கடந்து காட்டுக்குள் இறங்கினர். வந்தவர்களிலும் ஆடவரே மிகப் பலர். 1931 ஆம் ஆண்டுக் கணக்கின்படிகூட, மலாயாவிலிருந்த இந்தியருள் ஆயிரம் ஆடவர்க்குப் பெண்டிர் ஐந்நூற்றுக்கும் குறைவு. ஆனால் தோட்டத்திலிருந்து சிறுநகருக்கு நிகழ்ந்த இரண்டாம் பெயர்ச்சி ரேவன்ஸ்டைன் சொன்னபடியே நிகழ்ந்தது. இந்த வேறுபாடு எதனால் வந்தது? முதற் பெயர்ச்சியில் மக்கள் பெயர்க்கப்பட்டனர். இரண்டாவதில், முழுவதும் இல்லாவிடினும் பெரும்பகுதி, தாமே பெயர்ந்தனர். இக்கட்டுரை காட்ட விரும்புவது இதுவே.

பெயரும் நிலமும்

‘புக்கிட்’ என்றால் மலாய் மொழியில் குன்று. ‘பெலண்டோக்’ என்பது சருகுமான். மலாய் நாட்டார் கதைகளில் புலியையும் முதலையையும் அறிவால் வெல்லும் அச்சிறு விலங்கின் பெயரைத் தாங்கிய ஊர் இது. போர்ட்டிக்சன் மாவட்டத்தில், சிலாங்கூர் எல்லையாகிய சிப்பாங் ஆற்றுக்கு அண்மையில் அமைந்தது. கிழக்கே சிரம்பான், தெற்கே லுக்குட்டும் போர்ட்டிக்சனும். ஊரில் சீனக் குடும்பங்கள் மிகுதி. சுற்றிலும் கித்தாத் தோட்டங்கள், பின்னர் செம்பனைத் தோட்டங்கள். தானா மேரா, சுவா பெத்தோங், சிலியாவ், லின்சம் எனத் தமிழர் வாழ்ந்த தோட்டங்களின் பெயர்களை இம்மாவட்டத்தாரும் அண்டை ஊராரும் எளிதில் அடுக்குவர்.

இந்நிலத்தில் குடியேறாதவர் என்று சொல்லத்தக்கவர் மிகச் சிலரே. நெகிரி செம்பிலான் மலாய்க்காரருட் பெரும்பாலோரின் முன்னோர் சுமத்திராவின் மினாங்கபாவ் நாட்டிலிருந்து வந்தவர்கள். தாய்வழியே குலமும் நிலமும் செல்லும் அவர்தம் வழக்காறு இன்றும் இம்மாநிலத்தின் சிறப்பு. பிறந்த ஊரை விட்டு வெளியே சென்று பொருளீட்டுவதை அவர்கள் ‘மெரந்தாவ்’ என்பர். சிரம்பானுக்குத் தெற்கே ரந்தாவ் என்றே ஓர் ஊர் இருப்பதை நோக்குக. லுக்குட்டில் ஈயம் தோண்ட 19 ஆம் நூற்றாண்டில் சீனர் வந்தனர். தமிழர் இவர்களுக்குப் பின் வந்தவர். ஆகவே இவ்வட்டாரத்தில் ‘வந்தவர்’, ‘இருந்தவர்’ என்னும் பாகுபாடு முன்பின் கணக்கேயன்றி வேறன்று.

முதற் பெயர்ச்சி

ஆங்கிலேயர் 1874 இல் சுங்கை ஊஜோங்கில் காலூன்றினர். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் துறைமுகத்திற்கு 1891 இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. ஈயத்தைக் கடலுக்குக் கொண்டு செல்வதே அதன் முதல் நோக்கம். அந்நாளில் இப்பகுதியில் பயிரிடப்பட்டது காப்பி. கித்தா இன்னும் பரவவில்லை. 1877 இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 கித்தாக் கன்றுகளின் வழித்தோன்றல்கள் காப்பியின் இடத்தைப் பிடிக்க இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. காப்பி விலை வீழ்ந்தது. மோட்டார் வண்டி பெருகியது. 1910 ஐ ஒட்டிக் கித்தா விலை உச்சத்திற்கு ஏறியது. காடு அழிந்து தோட்டம் எழுந்தது.

மரம் வெட்ட ஆள் வேண்டும். ஒப்பந்தக் கூலி முறை 1910 இல் நிறுத்தப்பட்ட பின், கங்காணி முறையே முதன்மை பெற்றது. தோட்டத்துத் துரையிடம் உரிமச் சீட்டுப் பெற்ற கங்காணி தம் சொந்த ஊருக்குச் சென்று, உறவினரையும் ஊராரையும் திரட்டி வருவார். 1907 இல் அமைந்த குடியேற்ற நிதி கப்பற்செலவை ஏற்றது. திருச்சி, தஞ்சை, சேலம், ஆர்க்காடு மாவட்டங்களின் மக்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறினர். ஒரே ஊரார் ஒரே தோட்டத்தில் வந்து சேர்வது இதனால் இயல்பாயிற்று. சாதியும் குலதெய்வமும் பேச்சு வழக்கும் அவர்களோடு வந்தன. கடனும் உடன் வந்தது.

1928 அளவில் முக்கிய மாவட்டங்களில் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்களுக்கு 40 காசும் கூலியாக வகுக்கப்பட்டன. உலகப் பொருளாதார மந்தம் தாக்கிய 1930 இல் அவை 40 ஆகவும் 32 ஆகவும் குறைந்தன. அம்மந்தக் காலத்தில் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் ஊருக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். விலை ஏறினால் அழைப்பு. விலை இறங்கினால் கப்பல். 1938 இல் இந்திய அரசு, உதவிபெற்ற கூலிக் குடியேற்றத்தைத் தடைசெய்த பின்னர்தான், தோட்டத் தமிழர் ‘இனி இதுவே நம் ஊர்’ என்று எண்ணத் தலைப்பட்டனர்.

தோட்டம் என்னும் ஊர்

தோட்டம் ஒரு வேலையிடம் மட்டுமன்று. அஃது ஒரு முழு ஊர். விடியுமுன் பெரட்டுக்கு மணி அடிக்கும். கிராணி பெயர் படிப்பார். தண்டல் நிரை பிரித்துக் கொடுப்பார். தாய்மார் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வெட்டுக் கத்தியும் வாளியுமாகச் செல்வர். மாலையில் லயத்து வாசலில் பேச்சும் பாட்டும். மாரியம்மன் கோயில், கள்ளுக்கடை, மருந்தகம், பள்ளிக்கூடம் யாவும் நடந்து செல்லும் தொலைவில். லயத்தில் வாழ்ந்தவர் அனைவரும் ஒருவர்க்கொருவர் அண்ணன், அக்காள், மாமன், சித்தி. முறைப்பெயர் இல்லாது ஒருவரை அழைப்பது அங்கே வழக்கமில்லை.

பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923 ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் விதித்தது. அதன் பயனாய் எழுந்தவையே தோட்டத் தமிழ்ப்பள்ளிகள். காலையில் கிராணியாக இருந்தவர் பகலில் ஆசிரியராக இருந்த பள்ளிகளும் உண்டு. குறைபாடுகள் பலவாயினும், இந்நாட்டில் தமிழ் எழுத்து வாழ்ந்தது பெரும்பாலும் அக்கூரைகளின் கீழ்தான் என்பதை மறுத்தல் இயலாது.

எனினும் இவ்வூரின் ஒரு பண்பை நாம் மறந்துவிடலாகாது. வீடு வேலையோடு பிணைந்தது. வேலை போனால் வீடும் போகும். முதுமை வந்து ஓய்வு பெற்றாலும் லயத்தைக் காலி செய்ய வேண்டும். மகனோ மகளோ அதே தோட்டத்தில் பெயர் பதிந்தால்தான் முதியவர்க்குக் கூரை. இதனால் பிள்ளை படிப்பை விட்டு வெட்டுக்குச் செல்வது பல வீடுகளில் நேர்ந்தது. வாடகையில்லா வீடு என்று சொல்லப்பட்டதன் விலை அடுத்த தலைமுறையின் கல்வியாக இருந்தது. தோட்ட வாழ்வை இன்று ஏக்கத்தோடு நினைவுகூர்வோர் இதனையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

பிறர் பெயர்த்த ஆண்டுகள்

1942 முதல் 1960 வரையிலான காலம் மக்களைப் பிறர் பெயர்த்த காலம். சப்பானியர் ஆட்சியில் சயாம்–பர்மா இருப்புப்பாதைக்குத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1942 இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. சென்றவரில் திரும்பாதோர் எத்தனையோ பேர். மறுபக்கம், 1943 இல் நேதாஜியின் அழைப்பை ஏற்றுத் தோட்டத்து இளைஞரும், ஜான்சிராணிப் படையிற் பெண்களும் சேர்ந்தனர். துரைக்கு முன் நிமிர்ந்து நில்லாதவர் துப்பாக்கி ஏந்தி நின்றனர். போருக்குப் பின் தொழிற்சங்கம் வேரூன்றியதற்கு இந்நிமிர்வும் ஒரு காரணம் எனலாம். தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கத்தை 1954 இல் உருவாக்குவதில் முன்னின்ற பி. பி. நாராயணன் தம் சங்கப் பணியைத் தொடங்கியது நெகிரி செம்பிலானிலேயாம்.

1948 இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டிலிருந்த போராளிகட்கு உணவு கிட்டாமற் செய்ய, 1950 இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள், பெரும்பாலும் சீனர், முள்வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். தோட்டங்களில் சிதறிக்கிடந்த லயங்களும் ஓரிடத்தில் குவிக்கப்பட்டு வேலியிடப்பட்டன. அவசரகாலம் 1960 இல் முடிவுற்றது.

துண்டாடலும் செம்பனையும்

நாடு விடுதலை பெற்ற 1957 ஐ ஒட்டி ஐரோப்பிய நிறுவனத்தார் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியவர் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றனர். துண்டானபின் லயமும் மருந்தகமும் பள்ளியும் யாருடைய பொறுப்பு? யாருடையதும் அன்று. இதற்கு மாற்றாக 1960 இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப்பணத்தைக் கொண்டு, கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டத்தை 1961 இல் அச்சங்கம் முதலில் வாங்கியது. அம்முயற்சி பெரிது, துண்டாடலின் வேகமோ அதனினும் பெரிது.

அடுத்த அடி 1968 ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். குடியுரிமை இல்லாதார்க்கு வேலை உரிமச் சீட்டு வேண்டியதாயிற்று. நாற்பது ஆண்டு மரம் வெட்டியவர் பலரிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. அவர்களில் பல்லாயிரவர் தமிழ்நாட்டிற்குத் திரும்பினர். நெடுநாள் முன் விட்டு வந்த ஊர் அவர்களை அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

பின்னர் மரம் மாறியது. கித்தா போய்ச் செம்பனை வந்தது. கித்தா வெட்டுதல் பெண்களும் சமமாகச் செய்யும் வேலை. செம்பனைக் குலை அறுப்பதும் சுமப்பதும் பெரும்பாலும் ஆடவர் வேலை. ஆட்களும் குறைவாகவே வேண்டும். ஆகவே மரம் மாறியபோது முதலில் வேலை குறைந்தவர் பெண்டிர். அதே காலத்தில், 1970 களில், சிரம்பானை அடுத்த செனாவாங்கில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்து, இளம்பெண்களை ஆயிரக்கணக்கில் வேலைக்கு எடுத்தன. தொழிற்சாலைப் பேருந்து தோட்டச் சந்திவரை வந்தது. குறுந்தொலைவுப் பெயர்ச்சியில் பெண்டிரே முன்னே செல்வர் என்று ரேவன்ஸ்டைன் சொன்னதை இங்கே ஒப்புநோக்குக. பல குடும்பங்களில் நகருக்கு முதலடி எடுத்து வைத்தவர் மூத்த மகள். அவள் சம்பளம் முன்பணமாகி, குடும்பம் பின்தொடர்ந்தது.

தொகுத்துச் சொன்னால், 1970 இல் இந்நாட்டு இந்தியருள் மூவரில் ஒருவரே ஏறத்தாழ நகரவாசி. 2000 இல் ஐவரில் நால்வர் நகரவாசிகள். ஒரு தலைமுறைக்குள் ஒரு சமூகமே இடம் மாறியது.

சிறுநகர வாழ்வு

எல்லாரும் கோலாலம்பூருக்குச் செல்லவில்லை. புக்கிட் பெலண்டோக் வட்டாரத்தார் நாடியவை போர்ட்டிக்சன், லுக்குட், சிரம்பான், பின்னர் நீலாய். பெருநகரை விட்டுச் சிறுநகரை ஏன் தேர்ந்தனர்? முதலாவது, வீட்டு விலை. சேமநிதியில் இருந்த பணமும் வேலை இழப்புக்குக் கிடைத்த தொகையும் சேர்ந்தால், சிறுநகரின் தாமான் ஒன்றில் தரைவீட்டுக்கு முன்பணமாகும். கோலாலம்பூரிலோ அது போதாது. 1980 ஆம் ஆண்டு விதிப்படி, ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவர்க்கு ஆண்டொன்றுக்கு இருபது நாட்சம்பளம் இழப்பீடு. இருபதாண்டு உழைத்தவர்க்கு நானூறு நாட்சம்பளம். தோட்டக் கூலியைக் கொண்டு கணக்கிட்டால் அது சிறு தொகையே. சிறு தொகை சிறுநகருக்கே இட்டுச் செல்லும்.

இரண்டாவது, உறவு. தோட்டத்தில் எஞ்சிய பெற்றோரைப் பார்க்க ஞாயிறுதோறும் மோட்டார் சைக்கிளிற் சென்றுவர முடிய வேண்டும். மூன்றாவது, பெருநகரின் வேலையைச் சிறுநகரிலிருந்தே பெறும் வாய்ப்பு. கோலாலம்பூர்–சிரம்பான் நெடுஞ்சாலை 1977 இல் திறக்கப்பட்டது. 1995 இல் மின்தொடர்வண்டி வந்தது. 1998 இல் சிப்பாங்கில் அனைத்துலக விமான நிலையம் எழுந்தது. சிறுநகரில் உறங்கிப் பெருநகரில் உழைப்பது இயல்பாயிற்று. அவ்வாறு செல்வோர் விடியுமுன் எழுகின்றனர். பெரட்டு மணி ஓய்ந்தும் அந்நேரத்து விழிப்பு ஓயவில்லை.

சிறுநகரில் முதலில் உறுத்தியது பணம். தோட்டத்தில் வீட்டுக்கு வாடகை இல்லை. கொல்லையில் முருங்கையும் கறிவேப்பிலையும் கோழியும் இருந்தன. இங்கே தண்ணீருக்குச் சீட்டு, மின்சாரத்திற்குச் சீட்டு, வீட்டுக் கடன் தவணை, பிள்ளைக்குப் பேருந்துக் கட்டணம். அடுத்து உறுத்தியது பேச்சு. லயத்தில் கதவு மூடுவதில்லை. தாமானில் கதவு திறப்பதில்லை. பக்கத்து வீட்டார் சீனர் அல்லது மலாய்க்காரர். அவரோடு மலாய் பேசியாக வேண்டும். தோட்டத்து முதியவர் அறிந்த மலாய், கடைத்தெருவுக்கு மட்டும் போதுமானது. ஆனால் அந்த வேலியோரப் பேச்சில்தான் பலர் பிற இனத்தாரை முதன்முதலாக அறிந்தனர் என்பதும் மெய். தோட்டம் தமிழரைக் காத்தது; அதே வேளையில் தனிமைப்படுத்தவும் செய்தது.

பெற்றவையும் சில. உயர்நிலைப் பள்ளி அருகே வந்தது. முதியவர் ஓய்வு பெற்றும் கூரை நீங்கவில்லை. வேலை பிடிக்காவிடில் வேறு வேலை தேடலாம். அதனால் வீடு போகாது. வீட்டுக்கும் வேலைக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்ததே சிறுநகரின் பெருங்கொடை எனலாம்.

எல்லாரும் இக்கொடையைப் பெறவில்லை. முன்பணம் இல்லாதார் நகரோரப் புறம்போக்கில் பலகை வீடு கட்டினர். அங்கிருந்தும் பின்னர் எழுப்பப்பட்டு அடுக்குமாடிக்குச் சென்றனர். எல்லைக்கு அப்பால், புத்ராஜெயா நகரம் எழுந்த இடத்திலிருந்த பெராங் புசார், மெடிங்லி, கெலவே, செட்ஜ்லி ஆகிய நான்கு தோட்டத்தாரும் டிங்கில் பகுதியில் அடுக்குமாடி வீடுகளிற் குடியமர்த்தப்பட்டனர். தோட்டம் தலைநகரானது, தோட்டத்தார் தலைநகரத்தார் ஆகவில்லை. தாமே பெயர்ந்தவர்க்கும் பெயர்க்கப்பட்டவர்க்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகும்.

1999: ஓர் ஊர் ஒழிந்த கதை

இவ்வட்டாரத்தின் பெயர் உலகெங்கும் தெரிந்தது 1999 இல். சீனர் பன்றிப் பண்ணைத் தொழிலில் புக்கிட் பெலண்டோக்கும் அதனையடுத்த சுங்கை நிப்பாவும் தலைசிறந்து விளங்கின. 1998 செப்டம்பரில் பேராக் மாநிலத்தில் மூளைக்காய்ச்சல் ஒன்று தோன்றி, பன்றிகளை இடம் மாற்றியதால் தெற்கே பரவியது. கொசுவால் பரவும் சப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதிப் புகையடித்தனர், தடுப்பூசி போட்டனர். ஆனால் கொசுக் காய்ச்சல் பெரும்பாலும் சிறுவரைத் தாக்கும். இதுவோ பன்றிகளோடு நெருங்கி உழைத்த வளர்ந்த ஆடவரைத் தாக்கியது. இவ்வையம் எழுந்த நிலையில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் என்னும் மருத்துவ அறிஞர் 1999 மார்ச்சில் புதிய நச்சுயிரியைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பாவின் பெயரால் அது ‘நிப்பா’ எனப்பட்டது. பழந்தின்னி வௌவாலே அதன் இயற்கை உறைவிடம் என்று பின்னர் அறியப்பட்டது.

மலேசியாவில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் மாண்டனர். நோயுற்றோரில் பெரும்பாலோர் சீனர், இந்தியரும் இருந்தனர். பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. நாட்டிலிருந்த 1,885 பண்ணைகள் 829 ஆயின. புக்கிட் பெலண்டோக்கில் அத்தொழில் முற்றும் நின்றது. அந்த மார்ச்சுத் திங்களில் ஊரார் கதவடைத்து வெளியேறினர், தெருக்கள் வெறிச்சோடின. சிரம்பானும் பிற ஊர்களும் அவர்களுக்குப் புகலிடமாயின. பலர் திரும்பி வந்து செம்பனையும் பழமரமும் பயிரிட்டனர். வேறு பலர் சென்ற நகரிலேயே தங்கினர்.

அதுவரை தோட்டத் தமிழர்க்கு மட்டுமே உரியதாயிருந்த ஒரு துயரை, வேலை போன அன்றே ஊரும் போவதை, அவ்வாண்டில் அண்டை வீட்டுச் சீனரும் அறிந்தனர். நிலம் சொந்தமாக இருந்தவர் திரும்பி வந்து வேறு பயிர் வைக்க முடிந்தது. லயத்தார்க்கு அந்த வாய்ப்பு ஒருபோதும் இருந்ததில்லை. சொந்த நிலம் என்பதன் பொருளை இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்தால் உணரலாம்.

பள்ளியும் கோயிலும்

தோட்டத்தார் பெயர்ந்தபோது தெய்வமும் பெயர்ந்தது. சில இடங்களில் மாரியம்மன் சிறுநகரின் ஓரத்தில் புதுக்கோயில் கொண்டாள். சில இடங்களில் செம்பனைக்கு நடுவே தனித்து நிற்கும் கோயிலுக்கு ஆண்டுக்கொரு முறை, திருவிழாவன்று, நான்கு திசையிலிருந்தும் பழைய தோட்டத்தார் வருகின்றனர். திருவிழா, வேலை செய்வோர்க்கு ஏற்ப, வாரவிறுதிக்கு மாறிவிட்டது. அன்றொரு நாள் தோட்டம் மறுபடி ஊராகும். மாலையில் வண்டிகள் திரும்பியபின் மரங்கள் மட்டும் நிற்கும்.

பள்ளியின் நிலை இன்னும் நுட்பமானது. 1957 இல் நாட்டில் 880 க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530. குறைந்தவற்றுட் பெரும்பாலானவை தோட்டப் பள்ளிகள். எஞ்சியவற்றுட் சில, பிள்ளைகள் சென்ற தாமானுக்கே இடம் மாறின. இடம் மாறியும் பெயர் மாறாத பள்ளிகள் உண்டு. தோட்டம் மறைந்தது, லயம் இடிந்தது. பள்ளிப் பலகையில் மட்டும் ‘லாடாங்’ என்னும் சொல் நிற்கின்றது. நகரத்துப் பிள்ளை அச்சொல்லைத் தன் சட்டைப்பையில் நாள்தோறும் அணிந்து செல்கின்றது; பொருள் கேட்பதில்லை.

அதற்குப் பொருள் சொல்லவேண்டியவர் ஆசிரியர். போர்ட்டிக்சன் ஆயினும் சிரம்பான் ஆயினும், வகுப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளையும் வீட்டு முதியவரிடம் நான்கு வினாக்களைக் கேட்டு விடை எழுதி வரட்டும். எந்தத் தோட்டத்தில் இருந்தீர்கள்? தோட்டத்தாரிடையே அதற்கு வழங்கிய தமிழ்ப் பெயர் யாது? எந்த ஆண்டில், ஏன் வெளியேறினீர்கள்? முதலில் தங்கிய வீடு எது? நாற்பது பிள்ளைகளின் விடைகளை ஒரு வரைபடத்தில் குறித்தால், நூல்களில் இல்லாத ஒரு வரலாறு அவ்வகுப்பறைச் சுவரிலேயே எழும். பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டை இதனோடு ஒப்பிட்டால், எந்தெந்த ஆண்டில் எந்தெந்தத் தோட்டம் வெறுமையானது என்பது புலப்படும். கோயிற் கணக்கேடுகளும், வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய அடையாள அட்டைகளும் அவ்வாறே சான்றாகும். செல்லரிக்கு முன் இவற்றைப் படியெடுத்தல் வேண்டும்.

கப்பலில் வந்த தலைமுறை மறைந்துவிட்டது. அவர்களைப் பற்றி அரசாங்கம் எழுதி வைத்தது; ஏனெனில் அவர்களைக் கொண்டு வந்தவர்க்குக் கணக்கு வேண்டியிருந்தது. தோட்டத்திலிருந்து லாரியில் வந்த தலைமுறையைப் பற்றி எவரும் கணக்கு வைக்கவில்லை. ஏனெனில் அவர்களுட் பெரும்பாலோர் எவரும் அழைக்காமல் தாமே வந்தனர். தம் காலால் நடந்த முதற் பெயர்ச்சியின் வரலாற்றைத் தம் கையாலேயே எழுதிக்கொள்ள வேண்டிய கடமை அவர்தம் பிள்ளைகளுக்கு உண்டு. அம்முதியவர்கள் இன்னும் தாமான் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கின்றனர். கேட்டால் சொல்வார்கள்.